துடுப்பென்று ஒரு சொல்

தாய்நிலத்துத் தமிழூர்களில் சேவல்கள் இன்னும் சிறகுக்குள் தலை செருகிக் கிடக்கும் வேளையிலேயே, வங்கக் கடலின் நடுவே யாரோ அறுத்தெறிந்த பச்சைமணி மாலைபோல் சிதறிக் கிடக்கும் அந்தமான் தீவுகளில் பொழுது புலர்ந்துவிடுகிறது. கதிரவன் கடலைவிட்டு எழுந்து, கமுகந்தோப்புகளின் உச்சியிலே பொன் தடவி, மலைச்சரிவுகளில் தங்கியிருந்த ஈரத்தை வெண்புகையாக மேலெழுப்பி, போர்ட் பிளேயர் நகரத்துப் பத்துபஸ்தியின் தகரக் கூரைகளில் வந்து இறங்கும்போது, அங்கே வானூர்தி நிலையத்து நெடுமதிலின் ஓரமாகத் தாழம்புதர் சூழ்ந்த திடலொன்று ஏற்கெனவே விழித்திருக்கும். வங்கத்தாரும் தெலுங்கரும் மலையாளிகளும் தமிழரும் தத்தம் தாய்மொழியை வீட்டிற்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தெருவிலே தீவின் இந்தியைப் பொதுவுடைமையாகப் பேசித் திரியும் அவ்வூரில், எம்மொழியிலும் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கிய ஒன்று உண்டென்றால், அஃது அத்திடலிலிருந்து எழும் மட்டையும் பந்தும் மோதும் ஒலிதான். அன்புடைய வாசகரே, அவ்வொலியைக் கேட்டுக் களித்தவர் பலர். அவ்வொலியால் உறக்கம் இழந்தவன் ஒருவன். இக்கதை அவனைப் பற்றியது.

அவன் பெயர் ஹரிஹரன். துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் பணி. முப்பத்தைந்தைத் தொட்ட அகவை. சோழநாட்டிலிருந்து அரசுப் பணிக்கென்று கப்பலேறி வந்து, திரும்பிப்போக மனமின்றித் தங்கிவிட்ட தந்தைக்குப் பிறந்த ஒரே மகன். பவளத்தீவு அணி என்று இன்று தீவுகள் முழுவதும் பெயர்பெற்ற மட்டைப்பந்து அணியைத் தொடங்கியவன் அவனே. ஆண்டிலே பாதிக்குமேல் மழை பெய்யும் மண்ணில் ஆடுகளம் சமைப்பது சேற்றிலே சித்திரம் எழுதுவதை ஒக்கும் என்று பலரும் நகைத்தபோது, தேங்காய் நாரினால் திரித்த நீண்ட பாயொன்றை நெய்வித்து, அதனை நான்கு புறமும் முளையடித்து இறுக்கி, அதன்மேல் ஆடிக் காட்டியவன் அவன். ஒப்பந்ததாரர் பரமசிவம் தம் சிற்றுந்தைக் கொடுத்தார். மின்துறையாரும் கடைக்காரரும் ஆசிரியரும் தம் விடுமுறைகளைக் கொடுத்தனர். ஹரிஹரனோ தன் இளமை முழுவதையும் கொடுத்தான். ஆகவே அணியின் தலைமை தனக்கு உரியதென்பதிலும், முதலில் களமிறங்கும் உரிமை தன்னைவிட்டு அகலாதென்பதிலும் அவனுக்கு எள்ளளவும் ஐயம் இருந்ததில்லை.

அவன் மனைவி நளினி கச்சால் தீவிலே பிறந்தவள். இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, நிக்கோபாரின் கச்சால் காட்டில் இரப்பர் மரம் வளர்க்கக் குடியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்களுள் அவளுடையதும் ஒன்று. அக்குடும்பங்கள் மலையை விட்டன, மண்ணை விட்டன, இலங்கை வானொலியை மட்டும் விடவில்லை. அலையும் இரைச்சலும் ஊடே புகுந்து குலைக்கும் அவ்வொலிபரப்பிலே மட்டைப்பந்து வருணனை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஆட்டத்தின் பெயர் துடுப்பாட்டம். மட்டையின் பெயர் துடுப்பு. இரப்பர் மரங்களுக்கு இடையே, பால் வடியும் சிரட்டைகளுக்குத் தப்பித் தப்பிப் பந்தடித்து விளையாடிய அப்பிள்ளைக் கூட்டத்தில் நளினியும் இருந்தாள். ஆழிப்பேரலை வந்து அக்கூட்டத்தைக் கலைத்து, எஞ்சியவரைத் திசைக்கொருவராக எறிந்தபோது, அவளோடு போர்ட் பிளேயர் வந்து சேர்ந்தவை உடுத்த உடையும் அச்சொற்களுமே.

திருமணமான புதிதில், உறவினர் நிறைந்த கூடத்திலே தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் தன்னை மறந்து, "துடுப்பைக் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா அவரு தப்பிச்சிருப்பாரு" என்றாள். ஹரிஹரன் உரக்கச் சிரித்தான். "துடுப்பா? அவங்க என்ன படகா ஓட்டுறாங்க? அது பேட். தமிழ்ல சொல்லணும்னா மட்டை. துடுப்பெல்லாம் படகு ஜெட்டிக்குப் போனா கிடைக்கும்" என்றான். கூடம் முழுவதும் சிரித்தது, அவளும் சிரித்தாள். ஆனால் அன்றோடு அச்சொல்லை அவள் அவன் முன்னிலையில் எடுத்ததில்லை. ஆட்டத்தைப் பற்றியும் பேசியதில்லை. தான் ஒரு சொல்லை வீட்டைவிட்டு விரட்டியதை அவன் அறியவும் இல்லை. மனைவிக்கு ஆட்டத்தில் நாட்டமில்லை என்றே எண்ணி, அதனையும் ஒரு குறையாகப் பிறரிடம் கூறி வந்தான்.

இவ்வாறிருக்க, ஒரு மழைக்காலத்தின் இறுதியில் குணா என்பான் அணிக்கு வந்து சேர்ந்தான். அவனும் கச்சாலில் வளர்ந்தவன். படகுப் பொறிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்காக மீன்பிடித் துறையருகே குடியேறியிருந்தவன். கரியநிறமும் நெடிய கைகளும் எந்நேரமும் எதையோ நினைத்துச் சிரிப்பது போன்ற வாயும் உடையவன். நார்ப்பாயில் பந்து துள்ளும் துள்ளலுக்கு அஞ்சி மற்றவரெல்லாம் பின்வாங்கி ஆடுகையில், இவன் ஒருவன் அதனை எதிர்கொண்டு சென்று, நெடுநாள் பிரிந்த நண்பனைத் தழுவுவான்போல் தழுவி, எல்லைக்கு அனுப்பிவைத்தான். முதல் ஆட்டத்திலேயே தலைவனினும் மிகுதியாக ஓட்டங்கள் குவித்தான். திடலெங்கும் கைதட்டல் எழுந்தபோது ஹரிஹரனும் தட்டினான்; ஆனால் அவன் உள்ளங்கைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டனவேயன்றிக் கைதட்டவில்லை.

அன்று தேநீர் கொண்டு வந்திருந்த நளினியைக் கண்டதும் குணாவின் முகம் விளக்கேற்றினாற்போல் ஒளிர்ந்தது.

"ஏய் நளினி! நீயா? ஆறாவதுல எனக்கு முன்னாடி பெஞ்சுல இருந்தவதானே? ரப்பர்க் காட்டுல நீ பண்ணின அட்டகாசம்..."

"பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு குணா? டீ ஆறுது, குடி" என்று அவள் இடைமறித்தாள். மறித்த குரலிலே ஒரு பதற்றம் இருந்தது. கணவனின் செவி அதனைக் கவ்விக்கொண்டது.

பழைய கதை. எப்படிப்பட்ட கதை? தன் மனைவியை 'நீ' என்று விளித்த ஆடவர் அவள் தந்தைக்கும் தனக்கும் பிறகு இவன் ஒருவனே என்பதை அவன் எண்ணிப் பார்த்தான். அவள் அவனிடம் 'குடி' என்று ஒருமையில் சொன்ன எளிமை, தன்னிடம் 'குடிங்க' என்று சொல்லும்போது இருந்ததுண்டா என்றும் எண்ணிப் பார்த்தான். இவ்வளவும் போதாதென்று பரமசிவம், நெல்லைச் சீமையின் குறும்பு மாறாத தம் வாயைத் திறந்தார்.

"வே ஹரி, புதுப் பய வந்ததும் ஒம்ம ரன்னையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாம்லா! இனிமே வீட்டையும் பூட்டி வச்சுக்கிடும்."

"என்ன அண்ணாச்சி, பேச்சு எங்கெங்கேயோ போகுது?"

"சும்மா சொன்னேன்வே. இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டா எப்படி?"

சும்மா சொன்ன சொற்களுக்கே வேர் ஆழம், வாசகரே. தீவின் காடுகளில் மழைநாளில் நடப்போர் காலில் அட்டை ஏறுவது தெரிவதில்லை, நோவுமிராது, வீடு சேர்ந்து உடையைக் களையும்போதுதான் அது குருதியுண்டு கொழுத்துத் தொங்குவது தெரியும். அழுக்காறும் அவ்வாறே ஹரிஹரனின் மேல் ஏறியது. குணா அடித்த ஒவ்வோர் ஓட்டமும் தன் வீட்டு வாயிலை நோக்கி ஓடியதாகவே அவனுக்குத் தோன்றியது. மனைவி தலைவாரும்போது கண்ணாடியில் சற்று நின்றால், யாருக்காக என்று நெஞ்சு வினவிற்று. அவள் முணுமுணுத்த பாட்டு அவனுக்குத் தெரியாத பாட்டாக இருந்தால், எவன் கற்பித்தான் என்று நெஞ்சு வினவிற்று. வினவிய நெஞ்சே விடையும் சொல்லிக்கொண்டது. அவ்விடைகளெல்லாம் ஒரே பெயரில் முடிந்தன.

அந்நாளிலே பவளத்தீவு அணி தன் முதல் வெளியூர் ஆட்டத்துக்கு அழைக்கப்பெற்றது. வடக்கே, காடும் கழியும் கடந்து ஒருநாள் வழித்தொலைவில் உள்ள மாயாபந்தரில், ஞாயிறன்று ஆட்டம். சனிக்கிழமை விடியுமுன்பே புறப்பட வேண்டும். மூன்றாண்டுகளாக ஹரிஹரன் கனவிலே ஆடிவந்த ஆட்டம் அது. ஆயினும், "அண்ணே, சனிக்கிழமை எனக்கு ஒரு வேலை இருக்கு. மாயாபந்தருக்கு நான் வரல, மன்னிச்சுக்குங்க" என்று குணா தலைசொறிந்து நின்றபோது, போட்டியாளன் ஒழிந்தான் என்ற நிறைவு அவனுக்கு ஒரு பகல் மட்டுமே நீடித்தது. அன்று மாலை அலுவலகத்திலிருந்து வந்து வாயிலில் செருப்பைக் கழற்றுகையில், சமையலறையிலிருந்து நளினி கைப்பேசியில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"கப்பல் வந்துருச்சா? துடுப்பு கையில கிடைச்சுதா?... பாரமா இருக்கா? இருக்கட்டும், நான் தாங்குவேன்... சனிக்கிழமை காலையிலேயே வச்சுக்குவோம் குணா. அவரு அன்னைக்குத்தான் மாயாபந்தர் கிளம்புறாரு... இல்ல, இல்ல, அவருக்கு இப்பத் தெரிய வேணாம். தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிருவாரு. ஒருதரம் எறங்கிட்டேன்னா அப்புறம் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் கச்சாலின் சொல் தெரியும். அவனுக்கோ, படகும் துறையும் நீர்மட்டமும் எழுதிப் பிழைக்கும் துறைமுக எழுத்தனுக்கு, துடுப்பென்றால் ஒரே பொருள். கப்பல் வந்தது, துடுப்புக் கிடைத்தது, கணவன் ஊரிலில்லாத காலையிலே படகுத்தொழில் செய்பவனோடு நீரில் இறங்கப் போகிறாள், இறங்கினால் திரும்பிப் பார்க்கமாட்டாள். எந்தச் சொல்லை எள்ளி நகையாடி வீட்டிலிருந்து துரத்தினானோ, அதனை அவன் அறவே மறந்திருந்தான். எள்ளப்பட்டவர் மறப்பதில்லை, எள்ளியவர்க்கு அது நினைவில் இருப்பதுமில்லை. அவன் மீண்டும் செருப்பை அணிந்து, தெருமுனை வரை நடந்து, அப்பொழுதுதான் வருகிறவன்போல் இருமிக்கொண்டு வந்தான். அவள் சிரித்த முகத்தோடு தேநீர் தந்தாள். அச்சிரிப்பிலே கள்ளம் தேடித் தேடி, கிடைக்காததால், அதுவே பெருங்கள்ளம் என்று அவன் துணிந்தான்.

சனிக்கிழமை வந்தது. இருள் பிரியாத வேளையிலே சிற்றுந்து வாயிலில் வந்து ஒலித்தது. நளினி கட்டுச்சோற்றுப் பொதியை அவன் கையில் வைத்து, "நல்லா ஆடுங்க. முதல்ல கொஞ்ச நேரம் பொறுமையா நில்லுங்க, பந்து தானா வரும்" என்றாள். என்றும் ஆட்டம்பற்றி வாய்திறவாதவள் இன்று அறிவுரை கூறுவது, குற்றமுள்ள நெஞ்சின் கூடுதல் கனிவு என்று அவன் கொண்டான். வண்டியில் இளைஞர் பாடிக்கொண்டு வந்தனர். அவன் சாளரத்தோடு சாய்ந்து, ஒருவருக்கும் கேளாமல் தன் பற்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு வந்தான். பெரார்கஞ்சை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. நெல்வயல்களின்மேல் பனி ஒரு வெள்ளாடையாக விரிந்திருக்க, கொக்குகள் அதில் அசையாது நின்றன. தேநீருக்காக வண்டி நின்றது. மற்றவரெல்லாம் ஏறியபின்னும் ஹரிஹரன் ஏறவில்லை.

"என்னவே, ஏறும்! ஜிர்காடாங்க்ல காட்டுக் கேட்டை மூடிட்டாம்னா, வண்டியெல்லாம் ஒண்ணாப் போற அடுத்த கான்வாய்க்குக் காத்துக் கிடக்கணும்" என்றார் பரமசிவம்.

"அண்ணாச்சி, நான் வரல. நீங்க நடத்துங்க."

"என்னது? கல்யாணத்துக்கு எல்லாரும் போவோம், மாப்பிள்ளை மட்டும் வரமாட்டாராக்கும்! வயித்த வலிக்கா?"

"வயிறு இல்ல அண்ணாச்சி."

பரமசிவம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். குறும்பு அவர் முகத்திலிருந்து வடிந்தது. "வே ஹரி, நான் அன்னைக்கு ஏதோ வாய்த்துடுக்குல சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு..." என்று தொடங்கியவர், முடிக்கத் தெரியாமல், "சரி, போயிட்டு வாரும். ஒம்ம இடத்துல நான் எறங்குதேன். கடவுள் விட்ட வழி" என்று கதவைச் சாத்திக்கொண்டார். தான் உயிரைக் கொடுத்து உருவாக்கிய அணி, தன் முதற்பயணத்தைத் தானின்றித் தொடர்வதைப் பார்த்தவாறு அவன் சாலையோரம் நின்றான். வண்டி வளைவில் மறைந்தது. தெற்கே செல்லும் தானியுந்தொன்றைக் கைகாட்டி நிறுத்தி, நேரே மீன்பிடித் துறைக்கு விடச் சொன்னான்.

துறையிலே படகுகள் இரவு வேட்டை முடிந்து வந்து, மீன்களைக் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. ஹரிஹரன் ஒவ்வொரு படகாக நோக்கிக்கொண்டு ஓடினான். தோளிலே கட்டுச்சோற்றுப் பை ஊசலாட, வெள்ளை ஆட்ட உடையும் கலைந்த தலையுமாக அவன் ஓடிய ஓட்டத்தைக் கண்டு மீன்காரப் பெண்கள் கூடையை ஒதுக்கி வழிவிட்டனர். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த தெலுங்குப் படகோட்டி ஒருவரிடம் மூச்சிரைக்க நின்றான்.

"ஒரு ஆளும் ஒரு பொம்பளையும்... துடுப்புப் போட்டு... எந்தப் பக்கமாவது போனாங்களா?"

அவர் வாயிலிருந்த பீடியை எடுத்தார். "அரே சாப், இந்தக் காலத்துல துடுப்பு யாரு போடுறா? எல்லா டோங்கிப் படகுலயும் இஞ்சின். துடுப்பு போட்டு ஓடுற ஜோடி சினிமாவுலதான்."

"குணா... குணா எங்க?"

"குணா மிஸ்திரியா? அவன் எப்பவோ பத்துபஸ்திக்குப் போயிட்டான். தோள்ல புது பேட், கொல்கத்தாவுலேருந்து கப்பல்ல வந்துச்சு. நம்ம வீட்டுப் பொண்ணும் கூடப் போயிருக்கு. இனி வீட்டுல யாரு சப்பாத்தி போடுவா? எல்லாம் கிரிக்கெட், கிரிக்கெட்!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு, பெருமை தாங்காமல் சிரித்தார்.

புது மட்டை, கப்பலில் வந்தது. ஹரிஹரன் அங்கேயே நின்றான். மீன்நாற்றமும் காலைவெயிலும் படகுப்பொறிகளின் தடதடப்பும் நிறைந்த அத்துறையிலே, ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடம் சிரித்த சிரிப்பு மெல்ல மெல்ல அவன் செவிக்குள் வந்து நிறைந்தது. அவர்கள் என்ன படகா ஓட்டுகிறார்கள் என்று கேட்ட தன் குரலையும் அவன் அதனுள்ளே கேட்டான்.

தன் திடலுக்கே திருடன்போல் பின்வழியாக வந்து, தாழம்புதரின் மறைவில் நின்று அவன் நோக்கியபோது, அவன் நெய்வித்த நார்ப்பாயைச் சுற்றிலும் பெண்கள். வங்கத்து ஆசிரியை ஒருத்தி புடவையை வரிந்து கட்டியிருந்தாள். ராஞ்சி மரபினளான செவிலி ஒருத்தி கைகளை விரித்துக் காத்து நின்றாள். மீன்துறைப் பெண்ணொருத்தி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். இலக்கு முளைகளுக்குப் பின்னே, பெரிய கையுறைகளுக்குள் கையை நுழைத்துக்கொண்டு குனிந்து நின்றவள், மாயாபந்தர் வழியிலே வண்டியில் போய்க்கொண்டிருக்கும் பரமசிவத்தின் மனைவி மல்லிகா! குணா பந்து வீசினான். எதிரே, காற்காப்பு அணிந்து, தலைப்பின்னலைச் சட்டைக்குள் செருகி, புதிய மட்டையைத் தரையில் இருமுறை தட்டி நின்றாள் நளினி.

பந்து பாயில் பட்டு எழும்பியது. அவள் இடக்காலை ஓரடி முன்வைத்தாள், அவ்வளவே. மட்டை வந்ததும் பந்து போனதும் ஒரே அசைவாயிருந்தன. புல்லை உரசி, மதிலை அடைந்து, முத்தமிட்டாற்போல் மெல்லத் தொட்டு நின்றது பந்து. ஹரிஹரன் பதினைந்து ஆண்டுகளாகக் கண்ணாடி முன்னும் கனவிலும் பழகிப் பழகி, ஒருமுறையும் கைகூடாத அடி அது.

முதல் ஐயம் அக்கணமே அவனைவிட்டு நீங்கிற்று. நீங்கிய இடம் வெறிதாயிருக்கவில்லை. முன்னது வாயில்வழி வெளியேறுகையிலேயே அதனினும் கொடியதொன்று சாளரவழி உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. மாற்றான் மேல் கொண்ட அழுக்காற்றுக்குப் பகைவன் என்று சுட்ட ஒருவன் இருந்தான்; இதற்கு யாரைச் சுட்டுவது? தன் இல்லத்திலே, தன் உலையிலே சோறாக்கி, தன் ஆட்டத்து வீரங்களை இரவெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தியின் கைகளில், தனக்கு மறுக்கப்பட்ட வரம் உறங்கிக் கிடந்தது. அடுத்த பந்தில் அவள் தவறவேண்டும் என்று அவன் நெஞ்சம் வேண்டிற்று. அவள் தவறவில்லை.

"ஏ நளினி!" என்று மல்லிகா கையுறையை உயர்த்திக் கத்தினாள். "ஒன் வீட்டுக்காரரு தாழம்புதருக்குள்ள நிக்காரு பாரு! பாம்பு கெடக்கும், வெளிய வரச் சொல்லு! ஐயோ, அப்போ எங்க வீட்டு ஆளும் வந்துட்டாரா? அவருக்கு நான் கோயிலுக்குப் போறேம்னுல்லா சொல்லியிருக்கேன்!"

பெண்கள் சிரித்தனர். நளினி சிரிக்கவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு அவன் வெளிவரும்வரை காத்திருந்தாள்.

"மாயாபந்தர் போகலையா?"

"பெரார்கஞ்ச்ல எறங்கிட்டேன்."

"ஏன்?"

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. "துடுப்புன்னு சொன்னே. போன்ல. நான்... படகுன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

அவள் முதலில் சிரிக்கத் தொடங்கினாள். படகு என்ற சொல்லின் பொருள் முழுவதும் விளங்கியபோது சிரிப்பு பாதியிலே நின்றது. குணாவை ஒருமுறை பார்த்தாள். கணவனை ஒருமுறை பார்த்தாள். குணா பந்தைக் கையில் உருட்டியவாறு விலகிச் சென்றான்.

"என்னைப் பத்தியா? அப்படியா நெனச்சீங்க?"

அவன் தலை தாழ்ந்தது.

"அதைக்கூட ஒருநாள் மன்னிச்சிருவேன்" என்றாள் அவள், குரல் உயராமலே. "பைத்தியக்காரத்தனம்னு நெனச்சுச் சிரிச்சிருவேன். ஆனா இப்ப அந்தப் புதர்லேருந்து வெளிய வந்தீங்களே, அப்ப உங்க முகம்... நான் செத்தாலும் மறக்கமாட்டேன். ஒருத்தன் கூட ஓடிப்போறதாப் பார்த்திருந்தாக்கூட அப்படி ஆகியிருக்காது. இதுக்குத்தான் சொல்லல. பொண்ணுங்களுக்கு ஒரு டீம் எடுக்கப்போறாங்க, தீவு முழுக்க. எனக்கு ஆடணும். உங்ககிட்டக் கேட்டா வேணாம்னு சொல்லமாட்டீங்க, தெரியும். இந்த முகத்தைத்தான் காட்டுவீங்க. அதைப் பார்த்துட்டு என்னால ஆட முடியாது."

ஒரு வானூர்தி மதிலுக்கு அப்பால் எழுந்து, திடலின்மேல் தன் நிழலை இழுத்துக்கொண்டு தாய்நிலத்தை நோக்கிப் போயிற்று. அதன் ஓசை அடங்கும்வரை இருவரும் நின்றனர். பின்பு அவளே சொன்னாள்: "ஒன்பது மணி கான்வாய்க்கு இன்னும் நேரம் இருக்கு. பஸ்ஸைப் பிடிச்சா ராத்திரிக்குள்ள மாயாபந்தர். நாளைக்கு ஆடலாம். போங்க."

அவன் உள்ளம் போகத் துடித்தது. அங்கே அவனுடைய அணி, அவனுடைய தலைமை, அவனுக்கென்று ஒதுக்கி வைத்த முதலிடம். இங்கே நின்றால் அவளுடைய ஒவ்வோர் அடியும் தன் நெஞ்சில் விழும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

"நான் இங்கயே இருக்கேன்."

"எதுக்கு? காவலுக்கா?"

"பந்து பொறுக்க" என்றான் ஹரிஹரன். "நீ அடிக்கிறதையெல்லாம் எடுத்துட்டு வர ஆள் வேணாமா?"

அவள் திரும்பி நடந்து, பாயின்மேல் நின்று, மட்டையைத் தட்டினாள். குணா வீசினான். பந்து ஹரிஹரன் நின்ற பக்கமாகவே பறந்து, புதரைத் தாண்டி, நீர்தேங்கிய பள்ளத்தில் விழுந்தது. அவன் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். எடுத்து வந்தான். மீண்டும் பறந்தது; மீண்டும் இறங்கினான். வெயில் ஏறியது. அழுக்காறு அவனைவிட்டுப் போகவில்லை. ஆனால் ஓடிக்கொண்டே இருந்தமையால் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. மல்லிகா மட்டும் அவ்வப்போது, "அண்ணே, அப்படியே அந்தப் பக்கம் ஒரு மூட்டை கீரை பறிச்சிட்டு வாங்க, சும்மாத்தான போறீங்க!" என்று கூவினாள். நண்பகலில் அவன் பெரார்கஞ்சுவரை சென்று மீண்ட கட்டுச்சோற்றை அவிழ்த்து, எல்லோர்க்கும் ஒரு கைப்பிடியாகப் பகிர்ந்து கொடுத்தான். நளினி தன் பங்கை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை மாயாபந்தரிலிருந்து பரமசிவத்தின் குரல் வந்தது. "வே கேப்டனு! ஜெயிச்சிட்டோம்வே! கடைசியில நானே ஒரு நாலு அடிச்சேன், கேட்டீரா? ஒருத்தனும் நம்பமாட்டாம்! நீரு வந்திருந்தா..." என்று சொல்லிச் சற்று நிறுத்தி, "நீரு வந்திருந்தாலும் ஜெயிச்சிருப்போம்" என்று திருத்திக்கொண்டார். பவளத்தீவு அணியின் முதல் வெளியூர் வெற்றியைப் பற்றி இன்றளவும் ஊரார் பேசும்போது, அப்பேச்சிலே ஹரிஹரனின் பெயர் வருவதில்லை. அன்றிரவு அவ்வெற்றிச் செய்தியை அவன் மனைவியிடம் சொன்னான்; வருத்தமாயிருக்கிறது என்றும் சொன்னான்; பொறாமையாயிருக்கிறது என்ற சொல்லையும், முதன்முறையாக, உரக்கவே சொன்னான். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கைகள் நின்றன. பின்பு, அவனைப் பாராமலே, கழுவிய தட்டொன்றை அவனிடம் துடைக்க நீட்டினாள்.

அவ்வாண்டின் வேனிலிலே தீவுகளின் முதல் மகளிர் அணி தேர்ந்தெடுக்கப்பெற்றது. நளினி அதில் இருந்தாள்; மல்லிகா கணவரின் வியப்பு நீங்காத கண்முன்னே இலக்கு முளைகளைக் காத்து நின்றாள்; குணா பயிற்சியளித்தான். முதலாட்டத்தன்று திடலைச் சுற்றித் தீவின் எல்லா மொழிகளும் கூடி ஆரவாரித்தன. நளினி களமிறங்கினாள், நின்றாள், மூன்றாம் பந்திலே மட்டையின் விளிம்பில் பட்டுப் பந்து பின்னே பிடிபட, ஓட்டமேதும் எடாமல் ஆட்டமிழந்தாள்.

எல்லைக் கயிற்றருகே நின்ற ஹரிஹரனின் உள்ளம் ஒரு நொடி மகிழ்ந்தது. அடுத்த நொடி, யாரோ தன் எலும்பையே முறித்தாற்போல் நொந்தது. இவ்விரு நொடிகளுக்கும் இடையே அவள் தலைநிமிர்ந்து, அத்தனை கூட்டத்திலும் அவன் முகத்தையே தேடிக் கண்டாள். மறைக்க அவனுக்கு நேரமில்லை. அவளும் பார்வையை விலக்கவில்லை. நடந்து வந்து, கையுறைகளைக் கழற்றி, அவன் கையில் வைத்துவிட்டு, அவனருகிலேயே புல்லில் அமர்ந்து, மீதி ஆட்டத்தைப் பார்க்கலானாள்.

அன்புடைய வாசகரே, காதல் என்பது கறையற்ற நெஞ்சங்களின் கூட்டு என்று பாடுவோர் பாடட்டும். உடனுறைந்து வாழ்வோர் அறிவது வேறு. ஒருவர் உயர்வில் மற்றவர் நெஞ்சு முதலில் சுருங்குவதும், சுருங்கிய நாணத்தாலேயே பின்பு விரிவதும், விரியும்வரை மற்றவர் அருகிருந்து காத்திருப்பதும் இல்லறத்தில் உண்டு. அந்த முதல் நொடி இன்றும் அவனுக்கு வருகிறது. அவள் ஓட்டங்கள் குவிக்கும்போதும் வருகிறது, தவறும்போதும் வருகிறது. ஆண்டுக்காண்டு அது குறுகி வருகிறது என்று அவன் எண்ணுகிறான். முற்றும் ஒழிந்ததென்று அவன் சொல்வதில்லை. ஒழிந்ததா என்று அவள் கேட்பதுமில்லை.